நின்ற இடத்தில் நடுங்கும் லாரி



விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரத்துத் தேநீர்க் கடைகளின் முன்னே லாரிகள் வரிசையாக நிற்பதை, வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் அனைவரும் கண்டிருப்பீர்கள். சக்கரம் நின்றிருக்கும், எஞ்சின் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். பட்டறைகளில் இதனை 'ஐட்லிங்' என்பார்கள். பாரம் இழுக்காமல், ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், தன்னைத் தான் ஓட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் எஞ்சின் வேலை செய்யும் நிலை அது. நல்ல எஞ்சின் இந்நிலையில் ஒரே சீராகத் துடிக்கும். சில லாரிகளோ நின்ற இடத்திலேயே நடுங்கும், கண்ணாடிகள் அதிரும், டிரைவரின் கையிலுள்ள தேநீர்க் குவளையும் தளும்பும். அந்த நடுக்கத்தின் காரணத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது வெறும் யந்திர விஷயம் அன்று, குடும்ப விஷயமுங்கூட. சங்ககிரிப் பக்கத்திலிருந்து சென்று நாகபுரியில் குடியேறிய நண்பர் ஒருவர், தாமே உரிமையாளராகவும் தாமே டிரைவராகவும் ஒரே லாரியை வைத்துப் பிழைத்து வந்தார். 2012-ஆம் ஆண்டில் வாங்கிய வண்டி. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். ஏழு இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக் குளிர் நாளொன்றில் அது நின்ற இடத்தில் நடுங்கத் தொடங்கியது. பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த மெக்கானிக் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார். அதன் வழியே புகை வந்தது. "ரிங் போய்விட்டது, லைனரும் தேய்ந்துவிட்டது, எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும், டீசல் பம்பையும் இறக்க வேண்டும்" என்று தீர்ப்புக் கூறினார். செலவு இலட்சத்துக்கு மேல். வண்டி நிற்க வேண்டிய நாட்கள் பத்து. மாதத் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் எதிரே நிற்க, நண்பர் தொலைபேசியில் என்னை அழைத்தார்.

மெக்கானிக் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏழு இலட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் ரிங்குகள் சிறிதளவேனும் தேய்ந்தே இருக்கும். மூடியைத் திறந்தால் புகை சிறிதளவேனும் வரவே செய்யும். ஆனால் அந்தப் புகை சென்ற மாதமும் வந்தது, அதற்கு முந்தைய ஆண்டும் வந்தது. அப்போதெல்லாம் வண்டி நடுங்கவில்லை. முதிர்ந்த எஞ்சினை ஆராய்பவர் மறவாது கொள்ளவேண்டிய உண்மை இதுதான்: அதில் குறைகள் பல இருக்கும், அவற்றுள் இன்றைய நோய்க்குக் காரணமானது, நேற்று இல்லாமல் இன்று புதிதாய் வந்த குறையே. கண்ணில் முதலில் படும் குறையையே காரணமென்று கொண்டால், பணமும் போகும், நடுக்கமும் நீங்காது.

இனி டீசல் எஞ்சின் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய அந்த எஞ்சினின் தத்துவம் இன்றும் மாறவில்லை. பெட்ரோல் எஞ்சினில் உள்ளதுபோல் தீப்பொறி தரும் பிளக் இதில் இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய பதினாறில் அல்லது பதினேழில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் சூடேறுகிறது. அந்த நேரம் பார்த்து நாசில் வழியாக டீசல் பனிபோலத் தூவப்படுகிறது. தூவிய மாத்திரத்தில் தானே பற்றி எரிகிறது. ஆகவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் வேண்டுவன மூன்று: கசியாமல் நெருக்கப்பட்ட காற்று, சரியான அளவு டீசல், அந்த டீசலை உரிய நேரத்தில் நுண்துளிகளாய்த் தூவும் நாசில். நடுக்கத்தின் காரணத்தைப் பெரும்பாலும் இம்மூன்றனுள் ஒன்றிலேயே தேடவேண்டும்.

சாலையில் வேகமாக ஓடும்போது தெரியாத குறை, நின்ற நிலையில் மட்டும் ஏன் தெரிகிறது என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் தீப்பற்றும். ஆகவே ஒரு சிலிண்டருக்கு விநாடிக்கு ஐந்து வெடிப்பு, ஆறு சிலிண்டருக்குமாக முப்பது வெடிப்பு. அந்த முப்பதையும் தனித்தனியே காது எண்ணாது. சீரான ஒரே ஒலியாகவே கேட்கும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாதபோது, விநாடிக்கு ஐந்து முறை ஒரு பள்ளம் விழுகிறது. அந்த ஐந்தையும் காதும் உணரும், உடம்பும் உணரும். ரூபக தாளத்தின் ஆறு அட்சரத்தில் ஒன்றை மிருதங்கக்காரர் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் விட்டுவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி. வேகம் கூடும்போது கனமான ஃப்ளைவீலின் ஓட்டம் அந்தப் பள்ளத்தை நிரப்பி மறைத்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஐட்லிங் நிலையில் ஒவ்வொரு முறையும் தூவப்படும் டீசலின் அளவு ஏறத்தாழ ஓர் அரிசிமணியின் பருமனே. முழுப் பாரத்துடன் ஏறும்போது அது போல் ஐந்தாறு மடங்கு செல்கிறது. அரிசிமணியில் கால் பங்கு குறைந்தால் ஐட்லிங்கில் அது பெரிய குறை. ஐந்தாறு மணிகளில் அதே கால் பங்கு குறைந்தால் யாருக்கும் தெரியாது. முதிர்ந்த எஞ்சினின் தேய்மானம் முதலில் ஐட்லிங்கிலேயே வெளிப்படுவதற்குக் காரணம் இதுதான்.

சோதனையைக் கையால் தொடங்கக்கூடாது; காதால் தொடங்கவேண்டும். நடுக்கம் ஒரே விதமானதன்று. ஒரே தாளத்தில் மாறாமல் ஓர் அடி தவறிக்கொண்டே இருந்தால், ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் பழுது என்று கொள்ளலாம். மெக்கானிக்குகள் இதனை 'மிஸ் அடிக்கிறது' என்பார்கள். அவ்வாறன்றி வேகமே ஏறியும் இறங்கியும், ஊஞ்சல் ஆடுவதுபோல் அலைந்தால், டீசலோடு காற்றுக் கலந்திருக்கலாம், அல்லது டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எஞ்சினின் ஒலி சீராக இருந்தும் கேபின் மட்டும் அதிர்ந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகள் நைந்து போயிருக்கும். அவற்றை மாற்றுவது எஞ்சினைப் பிரிப்பதோடு ஒப்பிடச் சிறிய செலவே. ஒலியைக் கேளாமல் எஞ்சினைப் பிரித்து, பிறகு மவுண்டிங் நைந்திருந்தது என்று கண்டவர்களும் உண்டு.

பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் வேலை செய்யும்போதும், கேபினில் ஏ.சி. இயங்கும்போதும் எஞ்சினின் ஒலி சற்று மாறுவது இயல்பு. காற்றுத் தொட்டி நிரம்பியபின், ஏ.சி.யை நிறுத்தியபின், எஞ்சின் நன்கு சூடேறியபின் கேட்பதே முறையான சோதனை. குளிர்ந்திருக்கும்போது நடுங்கி, சூடேறியதும் சரியாகிவிடுமானால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். காற்று நெருக்கம் குறைந்த சிலிண்டரும், டீசலைத் தூவாமல் ஒழுகவிடும் நாசிலும் குளிரில்தான் அதிகமாகத் தொல்லை தரும்.

காதுக்கு அடுத்தது கண். புகைக் குழாயைப் பாருங்கள். வெண்புகை வந்து, அதில் டீசல் வாடை வீசினால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது என்று பொருள். புகை வெண்மையாக இருந்தும் டீசல் வாடை இன்றி, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் காஸ்கட் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் புகுகின்றதோ என்று ஐயுறவேண்டும். கரும்புகை, டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவைக் காட்டும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இது வரும். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம். நாகபுரி நண்பரின் வண்டியில் காலையில் வெண்புகை வந்தது. டீசல் வாடையும் இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. நீலப்புகை மிகச் சிறிதே இருந்தது. ரிங் தேய்ந்ததுதான் முழுக் காரணம் என்றால் நீலமல்லவா மிஞ்சியிருக்கவேண்டும்? தீர்ப்பின்மேல் எங்களுக்கு எழுந்த முதல் ஐயம் இது.

இனி டீசல் வரும் வழியைப் பார்க்கவேண்டும். தொட்டியிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள குழாயில் டீசல் தள்ளப்பட்டு வருவதில்லை, உறிஞ்சப்பட்டு வருகிறது. அங்கே வெடிப்போ தளர்ச்சியோ இருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே புகும். ஆகவே ஈரமில்லை, கசிவில்லை என்று எண்ணி அக்குழாயைக் கடந்து போய்விடக்கூடாது. பல ஆண்டுகள் வெயிலிலும் சூட்டிலும் கிடந்த ரப்பர் குழாய் வெளியே நன்றாயிருந்தும் வளைவில் மயிரிழைபோல் வெடித்திருப்பதுண்டு. இதை அறிய எளிய வழி ஒன்று: சுத்தமான டீசலை ஒரு கேனில் ஊற்றி, அதிலிருந்து தனிக் குழாய் ஒன்றை ஃபீட் பம்புக்குக் கொடுத்து எஞ்சினை ஓட்டிப் பார்க்கவேண்டும். நடுக்கம் நின்றுவிட்டால், தொட்டிக்கும் பம்புக்கும் இடையேதான் குற்றம். ஒளி ஊடுருவும் குழாயாக இருந்தால் காற்றுக் குமிழிகள் ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைத் திறந்து வடியவிட்டுப் பாருங்கள். டீசல் ஃபில்டர் எப்போது மாற்றப்பட்டது என்று நினைவுகூருங்கள். தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வடநாட்டில் ஓடும் நம்மவர்க்கு இன்னொரு செய்தி: கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகுப் பொருள் உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். தென்னாட்டில் நிரப்பிய டீசலோடு மலைப்பகுதிக்குச் சென்றால் இத்தொல்லை நேரும். இதன் பொருட்டே, சூன்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசல் 2019-ஆம் ஆண்டில் லடாக்கில் விற்பனைக்கு வந்தது. குளிர்ப் பிரதேசத்துக்குப் பாரம் ஏற்றுவோர் அங்கங்கே கிடைக்கும் டீசலை அங்கங்கே நிரப்பிக்கொள்வதே நன்று.

நண்பரின் வண்டியில் இவையாவும் சரியாகவே இருந்தன. தாளமும் மாறாமல் ஓரடி தவறிக்கொண்டிருந்தது. ஆகவே எந்தச் சிலிண்டர் என்று கண்டறியும் கட்டத்துக்கு வந்தோம்.

பழைய முறை டீசல் பம்பில், பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனிக் குழாய் போகும். எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கையில், ஒரு குழாயின் முனையிலுள்ள நட்டை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்தினால், அந்தச் சிலிண்டருக்கு டீசல் போவது நின்றுவிடும். அது வேலை செய்துவந்த சிலிண்டரானால் நடுக்கம் இன்னும் மோசமாகும். தளர்த்தியும் ஒலியில் மாறுதல் இல்லையானால், அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை என்று தெளியலாம். நட்டை மீண்டும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். ஊமையைக் கண்டுபிடிக்க, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது போன்றது இச்சோதனை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தயவுசெய்து கவனமாய்க் கேளுங்கள். பழைய நாசில்களே ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில்தான் திறக்கின்றன; அதாவது நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் 200 மடங்கு. ஆகவே கண்ணாடி அணிந்து, நட்டின்மேல் துணியைச் சுற்றி, கையை டீசல் பீறிடும் திசைக்கு அப்பால் வைத்துக்கொண்டே இதனைச் செய்யவேண்டும். நாசில் வெளியே எடுக்கப்பட்டிருந்தால் அதன் முனைக்கு நேரே விரலைக் காட்டவே கூடாது. 'காமன் ரெயில்' என்னும் புதிய முறை எஞ்சின்களிலோ இச்சோதனையை ஒருபோதும் செய்யக்கூடாது. அங்கே ஐட்லிங்கிலேயே அழுத்தம் சில நூறு பார். உச்ச நிலையில் 1,600 பாரையும் தாண்டும். அந்தப் பீச்சு தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலைச் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியதுபோலச் சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். இதைச் சிறு காயமென்று எண்ணித் துணியைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டிச் செல்லவேண்டாம்.

நண்பரின் வண்டியில் ஐந்து நட்டுகளைத் தளர்த்தியபோது எஞ்சின் தடுமாறியது. நான்காம் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியபோது ஒரு மாறுதலும் இல்லை. சூடு அளக்கும் கருவியைப் புகை வழிகளின்மேல் காட்டியபோதும் நான்காவது மட்டும் மற்றவற்றைவிடச் சூடு குறைந்திருந்தது. இரண்டு சாட்சிகளும் ஒன்றையே கூறின.

சிலிண்டர் தெரிந்துவிட்டது, காரணம் தெரியவில்லை. காற்றா, டீசலா, தூவலா? செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் டேப்பட் இடைவெளி. வால்வை அழுத்தும் அவயவத்துக்கும் வால்வுக்கும் இடையே மெல்லிய தகடு நுழையும் அளவு இடைவெளி இருக்கவேண்டும். இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுவதும் மூடாது. நெருக்கப்பட்ட காற்று கசிந்துவிடும். 1-5-3-6-2-4 என்ற வரிசையில் தீப்பற்றும் ஆறு சிலிண்டர் எஞ்சினில், 1-க்கு 6-உம், 5-க்கு 2-உம், 3-க்கு 4-உம் துணை. துணைச் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒருங்கே அசையும் தறுவாயில் இதன் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கவேண்டும். எஞ்சின் குளிர்ந்தபோதா, சூடானபோதா, எத்தனை அளவு என்பதை அந்தந்த வண்டியின் கைப்புத்தகம் கூறும். வாய்மொழிக் கணக்கை நம்பவேண்டாம். நண்பரின் வண்டியில் இதுவும் சரியாகவே இருந்தது.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. நான்காம் சிலிண்டரின் நாசிலைக் கழற்றி மூன்றாவதில் பொருத்தினார்கள். மூன்றாவதில் இருந்ததை நான்காவதில் பொருத்தினார்கள். பழைய செம்பு வாஷர்களை எறிந்துவிட்டுப் புதியவை இட்டார்கள். பிறகு எஞ்சினை ஓட்டி, முன்போலவே நட்டைத் தளர்த்திப் பார்த்தார்கள். இப்போது நான்காவது பதில் சொன்னது, மூன்றாவது ஊமையாயிற்று. நோய் நாசிலோடு இடம் மாறிவிட்டது! சிலிண்டரில் குற்றமில்லை, பம்பில் குற்றமில்லை, நாசிலில்தான் குற்றம் என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று.

நாசிலைச் சோதனை மேடையில் வைத்து அழுத்திப் பார்த்தபோது, அது டீசலைப் பனியாகத் தூவாமல், திறக்க வேண்டிய அழுத்தத்துக்கு மிகவும் முன்னதாகவே துளித்துளியாக ஒழுகவிட்டது. மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான துளைகள் அவை. தண்ணீரோ தூசியோ கலந்த டீசல் சில முறை சென்றாலே அவற்றின் ஊசியும் இருக்கையும் கெட்டுவிடும்.

நோய் இடம் மாறாமல் நான்காவதிலேயே நின்றிருந்தால் என்ன செய்வது? அப்போது காற்று நெருக்கத்தை அளக்கவேண்டும். நாசிலை எடுத்துவிட்டு அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆறு சிலிண்டரையும் அளந்து ஒப்பிடவேண்டும். ஒட்டுமொத்த எண்ணைக் காட்டிலும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேற்றுமையே செய்தி சொல்லும். ஆறும் ஒன்றுபோல் சிறிது குறைந்திருந்தால் அது முதுமை. ஒன்று மட்டும் மிகவும் குறைந்திருந்தால் அது நோய். அப்படிக் குறைந்த சிலிண்டரில், பிஸ்டன் உச்சியில் நிற்க, இரண்டு வால்வுகளும் மூடியிருக்க, வெளியிலிருந்து காற்றைச் செலுத்திச் செவிகொடுத்துக் கேளுங்கள். காற்று இழுக்கும் குழாயில் சீறினால் உள்வால்வு. புகைக் குழாயில் சீறினால் வெளிவால்வு. எண்ணெய் மூடியில் சீறினால் ரிங் அல்லது லைனர். ரேடியேட்டரில் குமிழியிட்டால் ஹெட் காஸ்கட். எஞ்சினைப் பிரிக்காமலே அதன் வயிற்றில் உள்ளதை இவ்வாறு அறியலாம். நெருக்கமும் சரியாக இருந்தால், அப்போதுதான் பம்பின்மேல் ஐயம் கொள்ளவேண்டும். அப்போதும் அதனைச் சோதனை மேடையுள்ள பட்டறைக்கு அனுப்பவேண்டுமேயன்றிச் சாலையோரத்தில் திறக்கலாகாது.

புதிய வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடு முழுவதும், பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதலும் நடைமுறைக்கு வந்தன. இவ்வண்டிகளில் பலவற்றில் டீசல் அளவைக் கம்ப்யூட்டர் பெட்டி நிர்ணயிக்கிறது. ஒரு சிலிண்டர் தளர்ந்தால் அதற்குச் சற்றுக் கூடுதலாக டீசல் கொடுத்து, நடுக்கத்தைச் சிறிது காலம் அதுவே மறைத்துவிடும். ஆகவே ஸ்கேனர் கருவியைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை திருத்தம் செய்யப்படுகிறது என்று கேட்டறியவேண்டும். ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கும் வேலையையும் அக்கருவியே செய்யும். பல எஞ்சின்களில் நாசில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீட்டு எண் உண்டு. இடம் மாற்றினால் அதனைப் பெட்டிக்குத் தெரிவிக்கவேண்டும். புகை வடிகட்டி உள்ள வண்டிகளில் புகையின் நிறமும் அவ்வளவாகச் சாட்சி சொல்லாது. கருவி மாறினாலும் முறை மாறவில்லை: எந்தச் சிலிண்டர், பிறகு என்ன காரணம் என்ற வரிசை இங்கும் அதுவே.

செய்யத்தகாதது ஒன்றையும் சொல்லவேண்டும். நடுக்கம் கண்டதும், ஐட்லிங் திருகைத் திருகி வேகத்தைக் கூட்டிவிடுவோர் பலர். நடுக்கம் மறையும், நோய் மறையாது. ஒழுகும் நாசில், லைனர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எரியாத டீசல் ரிங்குகளைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். ஆயில் அளவுகோலில் அளவு ஏறியிருந்து டீசல் வாடையும் வீசினால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று அறியுங்கள். நாளடைவில் பிஸ்டன் தலை கருகும், லைனர் கீறும். மெக்கானிக் முதல் நாளில் தவறாகச் சொன்ன அதே தீர்ப்பு, நாம் கவனியாது விட்டால் சில மாதங்களில் உண்மையாகிவிடும்.

அயல் மாநிலத்தில் இருப்பவர்களுக்குப் பட்டறைக்காரரிடம் விஷயத்தை விளங்கச் சொல்வதே ஒரு சங்கடம். நல்ல வேளையாக நாசில், பம்ப், ஃபில்டர், டேப்பட் ஆகிய சொற்கள் நாடெங்கும் ஒன்றுதான். ஹிந்தி வழங்கும் இடங்களில் 'இஞ்சின் மிஸ் கர் ரஹா ஹை' என்றால் ஓரடி தவறுகிறது என்று புரிந்துகொள்வார்கள். 'ஹவா லே ரஹா ஹை' என்றால் டீசல் வழியில் காற்று இழுக்கிறது என்பது பொருள். புகையை 'துவான்' என்பார்கள். வெண்மைக்கு 'ஸஃபேத்', கருமைக்கு 'காலா', நீலத்துக்கு 'நீலா'. எந்த நாளில் தொடங்கிற்று, குளிரிலா சூட்டிலா, புகை என்ன நிறம், டீசல் கடைசியாக எங்கே நிரப்பியது, ஃபில்டர் எப்போது மாற்றியது என்ற ஐந்தையும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். மொழி தெரியாத ஊரிலும் இந்த ஐந்து வரிகள் உங்களுக்காகப் பேசும்.

நாசிலை இடம் மாற்றிப் பார்க்கும்படி கேட்டபோது அந்த நாகபுரி மெக்கானிக் முதலில் சற்று முகம் சுளித்தாராம். நோய் இடம் மாறியதைக் கண்டதும் அவரே சிரித்துவிட்டு, ஆறு நாசில்களையும் கழற்றிச் சோதித்து, பழுதாயிருந்த இரண்டை மாற்றிக் கொடுத்தார். டீசல் கலந்திருக்கக்கூடும் என்று எஞ்சின் ஆயிலையும் மாற்றினார். செலவு சில ஆயிரங்களோடு முடிந்தது. மறுநாள் மாலை வண்டி பாரம் ஏற்றிற்று. எண்ணெய் மூடியின் வழியே சிறிது புகை வருவது நிற்கவில்லை. ரிங் மாற்றவேண்டிய காலம் ஒருநாள் வரத்தான் செய்யும். ஆனால் அது அன்றைய வேலை அன்று. அதற்கென்று மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்கத் தொடங்கியிருப்பதாக நண்பர் பிறகு எழுதியிருந்தார்.

உங்கள் வண்டி நின்ற இடத்தில் நடுங்கினால், நீங்களும் நட்டில் கை வைக்குமுன் காதை வையுங்கள். நேற்று இல்லாதது எது என்று கேளுங்கள்.